ஒத்திகையில் சொன்னது

காலை பதினொன்றேகாலுக்குச் செய்தி வந்தது. அப்போது தங்கை பள்ளிக்கூடத்தின் வரைபட அறையில் இருந்தாள். ஏழாம் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டிய மழையளவு வரைபடத்தை மேசைமேல் பிரித்து, அது மறுபடி சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் பூகோள உருண்டையைத் தூக்கி வைத்திருந்தாள். கைபேசியில் அண்ணன் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரியின் எண். பேசியவர் அங்கே பயிற்சி அறைக்குப் பொறுப்பான மூத்த மருத்துவர். அண்ணன் உட்பட எல்லாருக்கும் அவர் மேடம்தான்.

"டீச்சர், பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல. அண்ணனுக்கு லேசா மயக்கம். நீங்க கொஞ்சம் கிளம்பி வாங்க."

'ஒண்ணுமில்ல' என்பதைக் கேட்டதுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்தப் பயிற்சி அறையில் சொல்லவே கூடாத வார்த்தை அது. புதிதாக வரும் டாக்டர் பிள்ளைகள் வாயைத் திறந்தால் முதலில் விழுவது அதுதான் என்று அண்ணன் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ நாள் நடித்துக் காட்டியிருக்கிறான். பெண்டாட்டி செத்துப்போன செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒண்ணுமில்ல சார் என்று ஆரம்பித்தால், அப்புறம் அந்த மனிதர் எதைத்தான் நம்புவார் என்பான். அதைச் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுத்த மேடமே இன்று அதைச் சொன்னார்.

"மேடம், அவன் இருக்கானா?" என்று கேட்டாள்.

மறுமுனையில் மேடம் அழுவது கேட்டது. அவள் வரைபடத்தைச் சுருட்டி, கயிறு கட்டி, அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அண்ணனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவளால் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததில்லை. அவனைக் கேட்டால், "சம்பளத்துக்கு அழறேன்" என்பான். இளம் மருத்துவர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லப் பழக்குவதற்காக அந்தக் கல்லூரியில் ஓர் அறை இருந்தது. ஒரு சோபா, இரண்டு நாற்காலிகள், ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை, கூரை மூலையில் ஒரு கேமரா. ஒரு பக்கம் முழுக்க, உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே தெரியாத கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் மேடமும் மற்ற மாணவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சோபாவில் உட்கார நோயாளியோ நோயாளியின் சொந்தக்காரரோ வேண்டுமே, அதுதான் அண்ணன். இன்று அவனுடைய மனைவி அறுவை சிகிச்சையில் இறந்துபோவாள். நாளைக்கு அம்மா படுத்த படுக்கையாவாள். மறுநாள் அவனுக்கே எலும்பில் புற்றுநோய் வரும். மாணவர் வந்து உட்கார்ந்து அதைச் சொல்ல வேண்டும். சொதப்பினால் மேடம் சுவரைத் தட்டுவார். "அந்த இடத்துலேர்ந்து திரும்ப" என்பார். செத்த மனைவி ஒரே முற்பகலில் நான்கு தடவைகூடச் சாவாள்.

இதில் வேடிக்கை, அண்ணனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதனாலேயே அங்கே அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேடம் மட்டும் மரியாதையாக மாப்பிள்ளை சார் என்பார்.

அதற்கு முன்பு அவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தான். இளவயதில் போனவன் தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தான். முன்னால் நின்று ஃப்ரேம் எடுத்துக் காட்டுவதும், மாட்டிப் பார்ப்பவரின் காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துச் சரிசெய்வதும் அவன் வேலை. உள்ளே லென்ஸ் தீட்டுவது அவன் கூட்டாளி. இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு வளர்ந்த சிநேகம். முதலாளியின் பிள்ளைகள் அதைச் செல்போன் கடையாக்கியதும் கூட்டாளி மகள் வீட்டோடு தொலைவில் ஒரு மலையூருக்குப் போய்விட்டார். அண்ணன் வீட்டில் சும்மா இருந்தான். அப்போது, கடையில் பழைய வாடிக்கைக்காரரான மேடம், நாலு பேர் மூஞ்சியைப் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டார். ஒரு வாரம் போய்ப் பார்க்கிறேன் என்று போனவன் அங்கேயே தங்கிவிட்டான்.

தங்கைக்குக் கணவர் வேறு ஊரில் வேலை, மகள் விடுதியில். வீட்டில் அண்ணனும் அவளும்தான். மாலையில் அவன் செருப்பைக் கழற்றும்போதே அவள் கேட்பாள், "இன்னிக்கு எந்த அண்ணி?"

அவன் ஒவ்வொரு மனைவிக்கும் ஒரு குணம் வைத்திருந்தான். குணம் இல்லாத பெண்டாட்டிக்காக எப்படி அழுவது என்பான். ஒருத்தி மின்விசிறியை இரண்டுக்கு மேல் வைக்க விடமாட்டாள். ஒருத்தி பிஸ்கட் டப்பாவை அரிசிக்குள் ஒளித்து வைப்பாள். இன்னொருத்தி தூக்கத்தில் பூகோளப் பாடம் சொல்வாள். தான் டீச்சர் என்பதால் அது தன்னைக் கிண்டல் செய்வது என்று தங்கைக்குத் தெரியும். அந்த அண்ணிகளை எல்லாம் அவள் சாப்பாட்டு மேசையிலேயே அறிந்து, அங்கேயே அவர்களுக்காக வருத்தப்பட்டும் இருக்கிறாள்.

அந்த அறையில் மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அழுதவர் அழுத முகத்தோடு வெளியே போகக் கூடாது. எழுந்து சோபாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வேறு நாற்காலியில் உட்கார்ந்து, தான் யார் என்பதைத் தன் வாயால் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். அவனைப்போல அங்கே நடிக்க வரும் நாடகக் குழுக்காரர் ஒருவர் தன் வீட்டு முகவரியையும் சர்க்கரை அளவையும் சொல்வாராம். அண்ணன் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: எனக்குக் கல்யாணம் ஆகல, யாரும் சாகல, என் வீட்டுல எல்லாரும் சௌக்கியம். ஆரம்பத்தில் ஒரு நாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லாமல் வந்துவிட்டான். அன்று முழுக்க வீட்டில் ஒரு செத்த வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்து, தொலைக்காட்சியின் சத்தத்துக்குத் தங்கையிடம் எரிந்து விழுந்தான். அதன்பிறகு அதைச் சொல்லாமல் அந்த அறைக் கதவை அவன் தாண்டியதில்லை.

சாப்பாடு இறங்காமல், முதுகு வலிக்கிறது என்று அவன் சொல்ல ஆரம்பித்தது மழைக்காலத்தின் தொடக்கத்தில். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "அழுது அழுது இளைச்சுட்டேன்" என்றான். அவள்தான் பிடிவாதமாக வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். முடிவு வந்த அன்று அங்கிருந்த டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அண்ணன் வெளியே வரிசையில், பக்கத்தில் இருந்த ஒரு பெரியவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கி வளைத்துக்கொண்டிருந்தான்.

கணையத்தில் என்றார் டாக்டர். கல்லீரலுக்கும் போய்விட்டது. சில மாதங்கள் இருக்கலாம், குறைந்தும் போகலாம். அவரிடம் நானே சொல்கிறேன் என்றும் சொன்னார்.

"வேண்டாம் டாக்டர். நான் சொல்றேன். என் அண்ணன்."

சரி என்றவர், ரொம்ப நாள் தள்ளாதீர்கள், அவருக்குச் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கும் என்றார். வெளியே வந்தபோது அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். அவன் பார்வைக்கு முன்னால் அவளுக்கு நாக்கு புரண்டுவிட்டது.

"பித்தப்பையில கல்லாம்."

"கல்லா? போகட்டும், எனக்குன்னு ஏதோ ஒண்ணாவது சேர்ந்திருக்கே" என்று எழுந்துவிட்டான்.

அவனுக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது, அதுவும் அவளுக்குத் தெரியும். கூட்டாளியைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. கல்லூரியில் தேர்வுக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து அவனிடம் செய்தி சொல்லி மதிப்பெண் வாங்கும் நாட்கள். தேர்வு முடியட்டும், மலைக்குப் போய் அவனோடு பத்து நாள் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படி ஒரு நாள் வரப்போவதில்லை என்று தெரிந்தவள் அவள் ஒருத்தி. சொன்னால் அவன் நாளைக்கே பஸ் ஏறிவிடுவான். சொல்லாத ஒவ்வொரு நாளும் அந்தப் பயணத்திலிருந்து ஒரு நாளைத் தானே எடுத்துக்கொள்கிறோம் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. இருந்தும் காலையில் காபி ஆற்றும்போது மாலையில் சொல்லலாம் என்று இருந்தது. மாலையில், பாவம் களைத்து வந்திருக்கிறான், தூங்கட்டும் என்று இருந்தது. வாரம் ஒன்று போய்விட்டது.

ஞாயிறு மத்தியானம் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அன்று அதை நல்ல வழி என்றே நினைத்தாள்.

பள்ளியில் ஆசிரியர்களுக்கும் இந்த மாதிரிப் பயிற்சி வைக்கப்போகிறார்கள், பெற்றோரிடம் சங்கடமான விஷயங்களைச் சொல்ல. எனக்குக் கொஞ்சம் பழக்கிக்கொடு என்று அண்ணனிடம் கேட்டாள். அவனுக்கு ஏக உற்சாகம். இரண்டு நாற்காலிகளை இழுத்துச் சாய்வாகப் போட்டான். நேருக்கு நேர் போட்டால் சண்டைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்றான். கைபேசிகளை அணைத்து ரொட்டி டப்பாவுக்குள் போட்டான்.

"சரி டீச்சரம்மா, கேஸ் என்ன?"

"ஒரு தங்கச்சி. அண்ணனுக்கு வியாதி. தங்கச்சிதான் சொல்லணும்."

"உங்க ஸ்கூல்ல இதெல்லாம் எதுக்கு?"

"சும்மா ஒரு உதாரணத்துக்கு."

அவன் கொஞ்ச நேரம் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். "அண்ணன் என்ன வேலை பார்க்கிறான்?"

"ஏதோ ஒரு வேலை."

"ஏதோ ஒரு வேலைன்னா நான் எப்படி அழறது?" என்றான். ஆனால் அதற்குமேல் கேட்கவில்லை. உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் சொன்னாள். அவனிடமிருந்து இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்த முறைப்படியே சொன்னாள். நல்ல செய்தி இல்லை என்று முதலில் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகு சுற்றி வளைக்காமல் வியாதியின் பெயரைச் சொன்னாள். கல்லீரலைச் சொன்னாள். மாதங்களைச் சொன்னாள். பித்தப்பைக் கல் என்றது பொய் என்றும் சொன்னாள். பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றி ஓய்ந்தது.

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?" என்றான் அவன்.

"போன வாரத்துலேருந்து."

"ஸ்கூலுக்கும் போய்க்கிட்டு, எனக்குச் சமைச்சும் போட்டுக்கிட்டு, இதையும் வச்சுக்கிட்டு இருந்தியா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ மனைவிகளுக்காகக் கண்ணீர் விட்டவன் அன்று அழவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டு காத்திருந்தான். எதற்காகக் காத்திருந்தான் என்பது அவளுக்குப் பின்னால்தான் விளங்கியது. அண்ணா, இது கேஸ் இல்லை என்று ஒரு வாக்கியம். அதை அவள் சொல்லவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறொன்றைக் கேட்டாள்.

"சரியா சொன்னேனா?"

அவன் கையை விட்டான். எழுந்து நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சாப்பாட்டு மேசையருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்தான். அவளைப் பார்த்தபடி, வழக்கமான குரலில், வழக்கமானதைச் சொன்னான்.

"எனக்குக் கல்யாணம் ஆகல. யாரும் சாகல. என் வீட்டுல எல்லாரும் சௌக்கியம்."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. சொல்லியும் ஆயிற்று, அவனுக்குத் தெரியவும் இல்லை என்று ஒரு நிம்மதி. இப்போது நினைத்தால் தன்மீதே வெறுப்பு வருவது அந்த நிம்மதியை நினைத்துத்தான். அழுததைக்கூட அவளால் மன்னித்துக்கொள்ள முடிகிறது.

பயிற்சி முடிந்தால் நல்லது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று சொல்வது அந்த அறையின் முறை. அண்ணன் அதையும் விடவில்லை.

"வார்த்தையெல்லாம் நல்லாயிருந்தது பாப்பா. சுத்தி வளைக்கல." டீச்சரம்மா போய்ப் பாப்பா ஆகியிருந்தது. காய்ச்சல் வந்தாலோ கோபம் போனாலோதான் அவன் அப்படிக் கூப்பிடுவான். "ஆனா கண்ணாடியைக் கழட்டிட்டுச் சொன்ன."

அவளுக்கே அது தெரியவில்லை. அவளுடைய மூக்குக்கண்ணாடி அவள் மடியில் இருந்தது. அது இல்லாமல் ஒரு கை தூரத்தில் இருப்பவர் முகம்கூட அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரியும். அது அவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

"கம்பி காதுல குத்துதுண்ணா. அதான்."

அவன் கையை நீட்டினான். வாங்கி, இரண்டு கம்பிகளையும் திறந்து மூடிப் பார்த்தான். "குத்தல, ஆடுது. ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ தேஞ்சுபோச்சு. வச்சுட்டுப் போ, மாத்தி வைக்கிறேன். அடுத்த தடவை போட்டுக்கிட்டே சொல்லு."

"அடுத்த தடவையா?"

"முதல் தடவையிலேயே யாருக்கு வந்திருக்கு? எப்போ வச்சுக்கலாம், நீ சொல்லு."

"அடுத்த ஞாயித்துக்கிழமை?"

"சரி" என்றான். அவள் அடுக்களைப் பக்கம் திரும்பிய பிறகு, "முன்னாடியே சொல்லணும்னாலும் சொல்லு. நான் வீட்டுலதானே இருக்கேன்" என்றான்.

அந்த வாரம் அவள் பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அண்ணன் சீக்கிரமே வந்துவிட்டான். இன்று எந்த அண்ணி என்று கேட்டதற்கு, இப்போதெல்லாம் யாரும் அவ்வளவாகச் சாவதில்லை என்று சிரித்தான். புதன் மாலை அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் மேசை விளக்கை இழுத்து வைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன ஸ்க்ரூடிரைவருடன் உட்கார்ந்திருந்தான். விரல்கள் முன்போல் நிற்கவில்லை. கடுகளவு திருகாணி இரண்டு முறை தரையில் விழுந்து, அவன் குனிந்து தேடினான்.

"ஒரு பக்கம் முடிஞ்சுது பாப்பா" என்றான்.

"அவசரமில்லண்ணா. மெதுவா பண்ணு. போய்ப் படு."

அவன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் சட்டைக் காலரைத் திருப்பித் தேய்த்தாள். அவன் விளக்கை அணைத்துவிட்டு எழுந்துபோனான்.

வியாழக்கிழமை முற்பகலில், முதல் மாணவி முடித்துப் போனதும், பயிற்சி அறைக்கு வெளியே தேநீர் எடுக்கும் இடத்தில் விழுந்தான். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலில் போய் அடைத்துவிட்டது, இந்த வியாதியில் அப்படி வருவது உண்டு என்று சொன்னார்கள். மருத்துவக் கல்லூரிக்கு உள்ளேயே விழுந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு ஒரு நாள் மேடம் வந்தார். அன்று போனில் அப்படிச் சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். இத்தனை வருடமாக எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தும் தன் வாயில் அதுதான் வந்தது என்றார். அவள் பரவாயில்லை என்றாள். பித்தப்பைக் கல் என்று சொன்ன தனக்குத்தான் அப்படிச் சொல்ல முழுத் தகுதியும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மேடம் கிளம்பப்போனவர் வாசலில் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் டீச்சர். கடைசி நாலு நாள் அவர் ரூமை விட்டுப் போறப்ப அந்த 'எல்லாரும் சௌக்கியம்' சொல்லல. முதல் நாள், திங்கட்கிழமையே நான் ஞாபகப்படுத்தினேன். 'நேத்து வீட்டுல சொல்லிட்டேன் மேடம், இனிமே அது போதும்'னார். என்ன அர்த்தம்னு எனக்குப் புரியல."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். மேடம் தொடர்ந்து சொன்னார். தேர்வுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் திங்கட்கிழமையே சொல்லிவிட்டானாம். ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போக வேண்டும் என்றானாம். அப்படியானால் உடனே போய்விட்டு வாருங்களேன் என்று மேடம் சொன்னதற்கு, ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்கு என்னிடம் ஒரு வேலை இருக்கிறது, அதை அவள் முடிக்கட்டும், மறுநாள் பஸ் ஏறுகிறேன் என்றானாம்.

மேடத்தை அனுப்பிவிட்டு அவள் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். முதல் வார்த்தையிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவேளை மருத்துவமனை வரிசையிலேயே தெரிந்திருக்கலாம். தெரிந்தும், அவள் ஒத்திகைதான் வேண்டும் என்றதால் ஒத்திகையாகவே வாங்கிக்கொண்டு, சுற்றி வந்து உட்கார்ந்து எல்லாரும் சௌக்கியம் என்று அவளுக்காகச் சொல்லியிருக்கிறான். நிஜமாக அவள் சொல்வதற்கு ஒரு வாரம் கொடுத்திருக்கிறான். அந்த வாரம் அவன் கையில் இருந்த கடைசி வாரம். கூட்டாளியிடம் போயிருக்க வேண்டிய வாரம்.

அவன் போன அன்று கூட்டாளிக்குச் செய்தி சொன்னதும் அவள்தான். தொலைபேசியில், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேட்டாள். உட்காரச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர், இந்தத் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தானே அம்மா என்றார்.

மேசை விளக்கின் கீழே அவளுடைய மூக்குக்கண்ணாடி இருக்கிறது. வலப்பக்கக் கம்பியில் புதுத் திருகாணி போட்டு, ஆடாமல் இறுக்கியிருக்கிறான். இடப்பக்கக் கம்பியைக் கழற்றி ஒரு மருந்துப் புட்டியின் மூடிக்குள் வைத்திருக்கிறான். அதற்கான திருகாணியும் அந்த மூடிக்குள்ளேயே கிடக்கிறது. அது இன்னும் மாட்டப்படவில்லை.